முன்னங்கையில் ஒரு சிக்குக் கோலம், மிஞ்சிய அச்சில் சில ஓவியங்கள்

மாஸ்டரின் கையில் நான் போட்ட சிக்குக் கோல டாட்டூ ஆறிவிட்டது. போன வாரம் வந்து காட்டிவிட்டுப் போனார். 55 புள்ளி, கோடு கோட்டைக் கடக்கும் சந்திப்பு 94, அதில் முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சந்திப்பில் மட்டும் மை லேசாகப் பரவி நீல நிழல் விழுந்திருக்கிறது. மற்றதெல்லாம் நான் போட்டபோது இருந்த மாதிரியே நிற்கிறது. கோடு மட்டும் உள்ள ஒரு வேலைக்கு இவ்வளவு பாடுபட்டது எனக்கு இதுதான் முதல் தடவை என்பதால், மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன். இதே வேலையிலிருந்து கிளம்பிய ஓவியங்கள் பற்றியும் பின்பாதியில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டையும் பிரித்துச் சொன்னால் பாதிதான் புரியும்.

மாஸ்டர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் மாஸ்டர், துணி வெட்டுவதற்கான அளவு வடிவங்களைப் போடுகிறவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். கோவைக்கு வந்து என் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த கிராஃப் தாளை எடுத்து நீட்டினார். அவர் வீட்டுக்காரம்மாவின் கோல நோட்டிலிருந்து எடுத்தது, 4 புள்ளி அகலம், 10 புள்ளி நீளம், நேர்ப்புள்ளி சிக்கு. இடது முன்னங்கையின் உள்பக்கம் முழுக்க இது வேண்டும், ஆனால் ஒரே கம்பியாக, எங்கும் அறாத ஒரே கோடாக ஓடி முடிய வேண்டும், இதுதான் அவர் கேட்டது.

தாளில் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தால் பாதிப் புள்ளியோடு சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. இரண்டு கம்பி. இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. முழுச் செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கம்பி குறுக்கே போகிற மாதிரி போட்டால், அகலத்துக்கும் நீளத்துக்கும் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி, இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண்) எவ்வளவோ அத்தனை கம்பி வரும். 4-க்கும் 10-க்கும் 2. அதனால் 5 அகலம், 11 நீளம் என்று மாற்றினேன், மீ.பொ.வ. 1, ஒரே கம்பி. மாஸ்டர் நம்பவில்லை. கிராஃப் தாளை வாங்கி, பென்சிலால் 5-க்கு 11 போட்டு முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். நானும் அதையே எதிர்பார்த்தேன், கைக்கு ஏறியபின் சந்தேகம் வந்தால் யார் பொறுப்பு.

வெள்ளை மையில் போடலாமா என்றும் கேட்டார், மாக்கோலம் மாதிரி இருக்குமே என்று. நம் தோல் நிறத்தில் வெள்ளை ஆறியபின் மஞ்சளடித்து, தழும்பா டாட்டூவா என்று தெரியாத ஒன்றாகப் போய்விடும். பழைய வாடிக்கையாளர் ஒருவர் கையில் இருந்ததன் படத்தைக் காட்டினேன். கறுப்பு என்று முடிவானது. அந்த வெள்ளை ஆசை எனக்குள் தங்கிவிட்டது, அது பிறகு தாளில் போய் இறங்கியது.

முதலில் நேர்க்கட்டமாகவே செய்து பார்த்தேன். புள்ளிக்குப் புள்ளி 14 மி.மீ., அகலம் 7 செ.மீ., நீளம் 15.4 செ.மீ. தாளில் அழகாக இருந்தது. பிரிண்ட் எடுத்துக் கையில் சுற்றி டேப் போட்டு ஒட்டினால், மணிக்கட்டுப் பக்கம் கோலம் இரண்டு ஓரமும் வழிந்து பின்பக்கம் போகிறது, முழங்கைப் பக்கம் நடுவில் ஒல்லியாக ஒரு பட்டை. அவர் மணிக்கட்டுச் சுற்றளவு 17 செ.மீ., கையின் பருத்த இடத்தில் 27. தரைக்குப் போடுகிற கட்டத்தை இந்தக் கூம்பு மேல் ஒட்டினால் வேறென்ன நடக்கும். டேப்லெட்டில் வார்ப் (படத்தை இழுத்து வளைக்கிற வசதி) போட்டு மேல்பக்கம் விரித்துப் பார்த்தேன். திரையில் சரியாகத்தான் தெரிந்தது, கையில் ஒட்டினால் ஒரு ஓரம் சுருங்கி இன்னொரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

மாஸ்டர் இதையெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, துணியை வெட்டிட்டு உடம்பை அதுக்குள்ள திணிக்கறீங்க. உடம்பை அளந்துட்டுத்தான துணியை வெட்டோணும்" என்றார். சரி, எப்படி என்றேன். சமையலறையில் பாத்திரம் மூடுகிற கிளிங் ஃபிலிம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, ஸ்டுடியோவில் மெஷினுக்கும் கை வைக்கிற மேடைக்கும் சுற்ற அதைத்தான் வைத்திருக்கிறோம்.

பிறகு செய்தது இப்படி. கையில் இரண்டு சுற்று ஃபிலிம், இறுக்காமல். அதன் மேல் மாஸ்கிங் டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக, ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறும்படி, முன்னங்கை முழுக்க. நீளமாக ஒரே டேப்பைச் சுற்றினால் இறுகித் தோலை அமுக்கிவிடும், அளவு பொய்யாகும். டேப் மேல் மார்க்கரால் மணிக்கட்டு மடிப்பு, முழங்கை மடிப்பு, நடுக்கோடு, இரண்டு பக்க எலும்பு வரிசை. அப்புறம் சுண்டுவிரல் பக்க எலும்பு ஓரமாக வளைந்த முனைக் கத்திரியால் (மருந்துக் கடையில் பேண்டேஜ் வெட்ட விற்பது, கூர்முனை தோலில் படாது) வெட்டி எடுத்து மேசையில் விரித்தோம். விரித்தால் மட்டமாகப் படுக்கவில்லை. முழங்கைப் பக்கம் இரண்டு இடத்தில் மேடு. அங்கே மாஸ்டர் இரண்டு சின்ன டார்ட் (மேடு அடங்குவதற்காக ஆப்பு வடிவில் வெட்டுவது) வெட்டினார், ஒன்று 12 மி.மீ., இன்னொன்று 8. படுத்துவிட்டது. பிரித்துப் போட்ட வாழைப்பட்டை மாதிரி, ஒரு பக்கம் அகன்று, ஓரம் லேசாக வளைந்து, அதுதான் அவர் கையின் உண்மையான வடிவம். இத்தனை வருடம் கைகளில் வேலை செய்திருக்கிறேன், ஒரு கையை இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை.

டார்ட் விழுந்த இடம் கோலத்துக்கு வெளியே, பக்கவாட்டில் போகிற மாதிரி நடுக்கோட்டை 1 செ.மீ. கட்டைவிரல் பக்கம் நகர்த்தினேன். கையிலிருந்து எடுத்த அந்த டேப் அச்சின் மேல் டிரேசிங் தாளை வைத்து, மணிக்கட்டில் புள்ளி இடைவெளி 11 மி.மீ., முழங்கைப் பக்கம் 17 மி.மீ., நடுவில் ஒவ்வொரு வரிசைக்கும் 0.6 மி.மீ. கூட்டிக்கொண்டே போனேன். கூட்டினால் அதே 15.4 செ.மீ. நீளம்தான் வருகிறது, ஆனால் அகலம் கீழே 5.5, மேலே 8.5. இரண்டு இடத்திலும் கைச்சுற்றளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சதுரம் சதுரமாகவே வளர்வதால் கோலத்தின் சுழிகள் நசுங்கவில்லை. கையால்தான் வரைந்தேன், பென்சில், அப்புறம் 0.8 பேனா. ஸ்கேன் செய்து தெர்மல் பிரிண்டரில் ஸ்டென்சில் (தோலில் ஒட்டி எடுத்தால் கோடு பதிகிற தாள்) எடுத்தபோது நீளம் 3 மி.மீ. குறைந்து வந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்ததால் தெரிந்தது, 102 சதவீதம் கொடுத்து மறுபடி எடுத்தேன். ஸ்கேல் வைக்காமல் ஸ்டென்சில் ஒட்டுகிறவர்களுக்கு இந்த ஒரு வரிக்காகவாவது இந்தப் பதிவு பயன்படட்டும்.

அடுத்த தலைவலி, கை சுழலும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் மணிக்கட்டுப் பக்கத் தோல் எலும்போடு முழுக்கத் திரும்புகிறது, முழங்கைப் பக்கத் தோல் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. நடுவில் இருக்கும் நேர்கோடு எல்லாம் கயிறு முறுக்கிய மாதிரி போகும். இதற்குத் தீர்வு கிடையாது, எந்த நிலையில் நேராகத் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது, கட்டைவிரல் முன்னால் பார்க்கிற நிலையில் நேராக இருக்கட்டும் என்று மாஸ்டரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினேன். அச்சையும் அதே நிலையில்தான் எடுத்திருந்தோம். ஸ்டென்சிலும் அவரை நிற்க வைத்து, முழங்கையைத் தளர்த்திய நிலையில் ஒட்டினேன். படுக்க வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க ஒட்டுவதுதான் நம் எல்லோருக்கும் வசதி, ஆனால் வடிவக் கணித வேலைக்கு அது ஆகாது. வேலை செய்யும்போது கை மேசையில் மல்லாந்துதான் இருந்தது, கோடெல்லாம் கோணலாகத் தெரிந்தது. கண்ணை நம்பாமல் ஸ்டென்சிலை நம்பி ஓட்ட வேண்டும். சொல்வது சுலபம்.

ஷேவ் செய்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஸ்டென்சில் ஜெல் மிக மெல்லிசாக. அதிகம் தடவினால் ஊதாக் கோடு வழிந்து தடித்துவிடும். ஒட்டி எடுத்ததும் 20 நிமிடம் ஃபேன் காற்றில் விட்டேன். இந்த 20 நிமிடம் காத்திருக்காதவர்களின் ஸ்டென்சில்தான் பாதி வேலையில் காணாமல் போகிறது.

ஊசி தேர்வை, பழகுவதற்கென்று விற்கிற சிலிக்கோன் தோலில் வைத்து முடிவு செய்தேன். சிக்குக் கோலத்தில் பிரச்சினையே சந்திப்புதான். கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் ஊசி இரண்டு தடவை போகும், அங்கே மை கூடி முடிச்சாகத் தெரியும், ஆறும்போது பரவும் வாய்ப்பும் அதிகம். 5-க்கு 11-ல் அப்படி 94 இடம். ஒரு கோட்டை மேலே விட்டு, கீழே போகிற கோட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் நிறுத்திவிட்டால், பின்னல் மாதிரி மேலும் கீழுமாக மாறி மாறித் தெரியும், இரட்டை மையும் விழாது. இடைவெளி 1 மி.மீ. விட்டுப் பார்த்தேன், சிலிக்கோனில் அழகாக இருந்தது. ஆனால் தோலில் வருடம் போகப் போக எந்தக் கோடும் கொஞ்சம் தடிக்கும், 1 மி.மீ. அப்போது மூடிவிடும். 1.5 வைத்தேன்.

இதில் எதிர்பாராத வசதி ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கோடு அறுவதால், ஒரே கம்பி 94 துண்டாகிவிடுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு சந்திப்பின் மேல் ஏறி அடுத்ததின் அடியில் போய் முடிகிறது. நீளம் ஒன்றரை முதல் இரண்டரை செ.மீ., ஓரச் சுழிகளில் மட்டும் கொஞ்சம் அதிகம். ஒரே மூச்சில் இழுத்துவிடலாம், தொடங்கும் இடமும் முடியும் இடமும் இன்னொரு கோட்டின் ஓரத்தில் மறைந்துவிடும். நீளக் கோட்டை நடுவில் நிறுத்தித் தொடரும்போது வருகிற தடிப்பே இல்லை. மாஸ்டர் கேட்டார்: "ஒரே கம்பின்னு கேட்டா 94 துண்டாப் போட்டிருக்கீங்களே தம்பி, ரேட்டு துண்டுக்கா, இஞ்சுக்காங்க?"

கோட்டுக்கு 9 ஆர்எல் (ஒன்பது ஊசியை வட்டமாக நெருக்கி வைத்தது), 0.35 மி.மீ. ஊசி கார்ட்ரிட்ஜ், பேனா வகை ரோட்டரி மெஷின், 4 மி.மீ. ஸ்ட்ரோக் (ஊசி மேலும் கீழும் போகிற தூரம்), 7.5 முதல் 8 வோல்ட். முழங்கை மடிப்புப் பக்கம் தோல் மெலிசு, அங்கே 7-க்கு இறக்கினேன். இறக்கியிருந்தும் அந்த இரண்டு சந்திப்பு பரவியது என்றால் காரணம் வோல்ட் கிடையாது, நீட்டிப் பிடித்த விதம். மடிப்புப் பக்கத்தை மூன்று பக்கமும் இழுத்துப் பிடிக்க என்னிடம் கை போதவில்லை, மாஸ்டரையே ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன், அவருக்கு வலி வந்தபோது பிடி தளர்ந்தது. தோல் தளர்ந்தால் அதே அழுத்தத்தில் ஊசி ஆழம் போகும். 1 முதல் 2 மி.மீ.க்குள் நடக்கிற வேலை, கொஞ்சம் தாண்டினாலும் மை கீழே போய்ப் படர்ந்துவிடும்.

வலது கைக்காரன் நான், அதனால் கீழ் வலது மூலையில் தொடங்கி மேல் இடது பக்கம் போனேன், இல்லையென்றால் துடைக்கிற கையே ஸ்டென்சிலை அழித்துவிடும். கோலத்தில் புள்ளி முதலில், கம்பி பிறகு. இங்கே தலைகீழாக, கம்பி முழுக்க முடிந்த பிறகு புள்ளி. கோடு அரை மி.மீ. அசைந்திருந்தாலும் புள்ளியை அந்தக் கட்டத்தின் நடுவில் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளலாம். முதலிலேயே வைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். 5 ஆர்எல்லில் 2 மி.மீ. வட்டம் போட்டு நிரப்பினேன். எங்கள் பக்கத்துப் பாட்டிகளின் கையில் குறத்திகள் குத்திய பச்சையில் புள்ளிக்கோலம் பார்த்திருக்கிறேன், விளக்குப் புகைக்கரியும் ஊசியும்தான் சாமான், ஸ்டென்சிலாவது ஒன்றாவது. அவர்கள் எதை முதலில் குத்தினார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேன்.

ஆறவைப்பது பெரிய கதை. புது டாட்டூவின் மேல் தோலோடு ஒட்டிக்கொள்கிற ஃபிலிம் போட்டு அனுப்பினேன். கட்டிங் மேசையில் நாள் முழுக்கக் கை உரசுகிற வேலை, வியர்வை, பஞ்சுத் தூசி. இரண்டாம் நாளே ஓரம் தூக்கி உள்ளே பஞ்சு போய்விட்டது. எடுத்துவிட்டு, காலையும் இரவும் வாசனையில்லாத சோப்பால் கழுவி, மாய்ஸ்சரைசர் பொட்டளவு. வேலை நேரத்துக்கு மாஸ்டரே சிங்கிள் ஜெர்சித் துணியில் (பனியன் துணி) தளர்வாக ஒரு கைக்குழாய் தைத்துக்கொண்டார், தினம் துவைத்து மாற்ற நாலு. திருப்பூர்க்காரருக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும். இப்போது மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அதே அளவில் தைத்து வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்று 25 ரூபாய் அடக்கம்.

செலவு: கார்ட்ரிட்ஜ் மூன்று, ஸ்டென்சில் தாள் மூன்று, கையுறை, மை, ஃபிலிம், டேப் எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள். வாங்கியது 14,000. பார்க்க லாபம்தான், ஆனால் அச்சு எடுத்ததற்கும் கையால் வரைந்ததற்கும் ஒரு பைசா போடவில்லை, அது டாட்டூ போட்ட நேரத்தைவிட அதிகம். இனி அச்சுக்குத் தனியாக 1,500.

இனி ஓவியம். அந்த டேப் அச்சைக் குப்பையில் போட மனம் வரவில்லை, சுவரில் குத்தி வைத்தேன். நேர்க்கட்டக் கோலத்தைவிட, கைக்காக வளைந்து விரிந்த இந்தக் கோலம்தான் எனக்குப் பிடித்திருந்தது. டார்ட் வெட்டிய இரண்டு வாயும் அப்படியே தெரிய, இதை இரண்டு மடங்காக்கிப் பாதித் தாளில், 38-க்கு 56 செ.மீ., காவி நிலத்தில் வெள்ளைக் கம்பியாகப் போடலாம் என்று தோன்றியது. மாஸ்டருக்குக் கொடுக்க முடியாத வெள்ளை இங்கே.

காவியை டப்பாவில் வாங்காமல் நாட்டு மருந்துக் கடையில் காவிக்கல் வாங்கினேன், கால் கிலோ 60 ரூபாய். கல்வத்தில் இடித்து (மாஸ்க் போட்டுக்கொண்டு, தூசி நெஞ்சுக்கு ஆகாது), தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே மிதக்கிற செந்நீரை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் ஊற்றித் தெளியவிட்டுக் காயவைத்தால் பட்டு மாதிரி பொடி கிடைக்கிறது. வேலம்பிசின் ஒரு பங்கு, வெந்நீர் இரண்டு பங்கு, ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, ஒரு ஸ்பூன் தேன், பூசணம் பிடிக்காமல் இருக்க இரண்டு சொட்டு கிராம்புத் தைலம். கண்ணாடிப் பலகையில் குழைத்துத் தாளில் அடித்தேன். காய்ந்ததும் என்ன நிறம், வெயில் பட்ட திண்ணை நிறம்.

அதன் மேல் வெள்ளைக் குவாஷ் (அடிநிறம் தெரியாத நீர் வண்ணம்) வைத்ததும் எல்லாம் ரோஸ். பிசின் காவி தண்ணீர் பட்டால் மறுபடி கரையும், வெள்ளைக் கோட்டின் ஈரமே அதைக் கிளப்பிவிடுகிறது. பிசினைக் கூட்டிப் பார்த்தேன், மினுமினுத்து வெடித்தது. குறைத்தால் விரலில் ஒட்டி வருகிறது. கடைசியில் காவிப் பொடியை அக்ரிலிக் மேட் மீடியத்தில் ஒன்றுக்கு ஒன்று குழைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மெல்லிசாக இரண்டு கோட். பிசின் காவியின் அந்த மாவுத்தன்மை முழுக்க வரவில்லை, முக்கால்வாசி வந்தது, ஆனால் மேலே எதை வைத்தாலும் அசையாது. 300 ஜிஎஸ்எம் கனத்த தாள்தான் என்றாலும் நனைத்துப் பிளைவுட்டில் கம் டேப் போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அலை அலையாக நிற்கும்.

வெள்ளைக்கு முதலில் நீள முடி பிரஷ். கோடு தொடக்கத்தில் தடித்து முடிவில் மெலிகிறது, கோலத்தில் அது கூடாது. பக்கத்து பியூட்டி பார்லர் அக்காவிடம் மருதாணிக் கோன் சுற்றக் கற்றுக்கொண்டு, அதில் கெட்டி அக்ரிலிக் வெள்ளையை நிரப்பினேன். முனையை 1 மி.மீ. வெட்டினால் தாளில் 2 மி.மீ. கோடாக உட்காருகிறது, லேசாகப் புடைத்து. உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் நடுவில் துப்பும், அதனால் நிரப்பியதும் முனை மேலே பார்க்க நிறுத்தித் தட்ட வேண்டும். கை வைக்காத நேரத்தில் முனை ஈரத்துணியில் இருக்க வேண்டும், ஃபேன் காற்றில் ஒரு நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது. இங்கும் அதே 94 துண்டு, இடைவெளி 3 மி.மீ. டாட்டூவில் கற்றது இங்கே நேராக உதவியது. கோன் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று தேடினாலும் தெரியாது.

கையைப் போல ஒரு தோளும், ஒரு கெண்டைக்காலும் போட்டிருக்கிறேன், என் நண்பர்கள் அச்சுக்கு நின்றார்கள். தோள் சரியாக வரவில்லை, டார்ட் ஐந்தாறு வெட்ட வேண்டியிருந்தது, கோலம் துண்டு துண்டாகப் போய்க் கம்பி எங்கேயும் சேரவில்லை. அதைச் சுவரில் மாட்டவில்லை, எடுத்தும் போடவில்லை. முன்னங்கை ஓவியத்தை மாஸ்டர் பார்த்துவிட்டு விலை கேட்டார், தாள், மீடியம், ஃபிரேம் எல்லாம் 2,300 ஆனது, அதற்கே கொடுத்துவிட்டேன். டார்ட் வெட்டியவர் அவர்.

அடுத்தது கெண்டைக்காலைச் சுற்றி வளையமாக ஒரு வேலை வந்திருக்கிறது. சுற்றி வந்து தன்னோடு சேர்ந்துவிடும்போது முன்பு சொன்ன மீ.பொ.வ. கணக்கு அப்படியே பொருந்தாது. 6-க்கு 5 புள்ளி தரையில் ஒரே கம்பி, அதையே தாளில் போட்டு 6 பக்கத்தைச் சுற்றி ஒட்டினால் இரண்டு கம்பி ஆகிவிடுகிறது. 36 செ.மீ. சுற்றளவுக்கு 15 புள்ளி, உயரத்துக்கு 4 வரிசை என்று உருட்டி ஒட்டி விரலால் ஓட்டிப் பார்த்தேன், ஒரே கம்பி. புள்ளிக்கு 24 மி.மீ. வருகிறது, கால் மயிர் அடர்த்தியான ஆள், ஸ்டென்சில் பிடிக்குமா என்று முதலில் ஒரு சின்னத் துண்டை ஒட்டிப் பார்க்க வேண்டும். முழங்கை மடிப்பில் பட்டது போதும், முழங்கால் மடிப்பிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் இந்தத் தடவை முதல் புள்ளி.